பெரட்டில் ஒருவன் நிற்கிறான்

நான் ஒரு காலத்தில் வெளிநாடு போய் விளையாடியவன் என்று சொன்னால் என் வகுப்பு மாணவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள். பிறகு மரியாதைக்காக, "கிரிக்கெட்டா சேர்?" என்பார்கள். இல்லை, உட்கார்ந்துகொண்டு விளையாடுவது என்பேன். "கரமா சேர்?" கம்ப்யூட்டரில் துப்பாக்கி சுடுகிற ஆட்டம் என்று சொன்னதும் பின்வரிசை வாங்கு முழுக்கச் சிரிப்பு. சேர் இன்றைக்குப் பாடம் நடத்த விருப்பமில்லாமல் கதை விடுகிறார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதில் பாதி உண்மை. பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லைதான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, படிக்கட்டு ஏறிப்போனால் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. முன்பக்கம் டெலிபோன் பெட்டியும் ஃபோட்டோகொப்பி மெஷினும். பின்பக்கம், பலகைத் தடுப்புக்கு அப்பால், ஆறு கம்ப்யூட்டர்கள். ஐந்து பேர் ஒரு கட்சி, ஐந்து பேர் எதிர்க்கட்சி என்று விளையாடவேண்டிய ஆட்டத்துக்கு ஆறு மெஷின் என்பது விசித்திரமான கணக்கு. ஆகவே நாங்கள் ஐவரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, எதிர்ப்பக்கத்தைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுவோம். இரண்டு வருடம் அப்படியே மனிதனல்லாத எதிரியைச் சுட்டுப் பழகினோம். திருப்பித் திட்டாத எதிரி. அந்தச் சுகம் பிறகு எந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

ஐவரில் நான் வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. உயர்தரம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். இரண்டாமவன் ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் மகன். எங்களில் குறி தவறாதவன் அவன் ஒருவன்தான். மூன்றாமவன் டவுன் பேக்கரி முதலாளியின் மகன், சிங்களவன். தமிழில் எங்களைவிட நன்றாகக் கெட்ட வார்த்தை பேசுவான். மற்ற இருவரும் கடைத்தெருப் பையன்கள். நன்றாக விளையாடுவார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். எனவே இந்தக் கதையிலும் பேசமாட்டார்கள்.

எனக்குக் குறி சுமார். ஆனால் வாய் உண்டு. யார் எங்கே போகவேண்டும், எதிரி எங்கே நிற்கிறான் என்று கத்திச் சொல்கிறவன் ஒருவன் ஒவ்வொரு கட்சிக்கும் வேண்டும். அந்தப் பதவி எனக்கு வந்தது. ஆட்டம் நடக்கிற இடம் முழுக்க ஏதோ அரபு நாட்டுச் சுவர்களும் வளைவுகளுமாக இருக்கும். அவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர்கள் இருந்தன என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்களே வைத்துக்கொண்டோம். வரிசையாக அறைகள் இருந்த சந்து, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையின் பெயரில், லயம். பெட்டிகள் அடுக்கிய பெரிய கட்டிடம் ஸ்டோர். நடுவில் இருந்த வெட்டவெளி, காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களம்போல இருந்ததால் பெரட்டு. எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிற இடம், தோட்டத்துத் துரையின் வீடுபோல, பங்களா. ஒரு மூலையில் நாலு தூணும் கூரையுமாக நின்றதற்கு, கொழுந்து நிறுக்கிற இடத்தின் பெயரான மடுவம்.

வாத்தியார் மகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னடாப்பா இது பெரட்டு? முற்றம் எண்டு சொன்னால் என்ன?"

"முற்றத்துல கோலம்தான் போடுவாங்க. பெரட்டுலதான் ஆள் நிப்பான்," என்றேன்.

"உங்கட தோட்டத்துப் பாஷையில சாகிறதுக்கா நான் வந்தனான்?"

ஒரு மாதத்தில் அவனே, "பெரட்டில ஒருத்தன் நிக்கிறான்டா! சுடடா!" என்று யாழ்ப்பாணத்து இழுவையோடு கத்தத் தொடங்கினான். அதைக் கேட்பதற்கென்றே டெலிபோன் பெட்டியில் நிற்கிறவர்கள் தடுப்புக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு இருந்தது. ஹட்டன் குளிரில் விரல் மடங்காது. ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கி, குடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். கை சூடானபிறகுதான் மவுஸைத் தொடுவது. ஆறிய தேநீரை ஆட்டம் முடிந்து குடிப்போம். தேயிலை நாட்டில் பிறந்து சூடான தேநீரை நான் குடித்ததே குறைவு.

கொழும்பில் ஒரு போட்டி நடந்தது. போனோம், எப்படியோ வென்றோம். பரிசு, கோலாலம்பூரில் மூன்று வாரப் பயிற்சி. அங்கே ஒரு விளையாட்டுக் குழுவினர் வீடு எடுத்து, பல நாட்டு ஆட்டக்காரர்களைத் தங்கவைத்துப் பழக்கினார்கள். மூன்றாம் வாரம் ஒரு தகுதிப் போட்டி. அதில் முதல் ஆட்டத்தைத் தாண்டினால் எங்கள் ஐவரையும் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்வார்கள். தாண்டாவிட்டால் அவர்கள் இஷ்டம்.

அதே கிழமை என் நியமனக் கடிதமும் வந்தது. மஸ்கெலியாப் பக்கத் தோட்டப் பாடசாலை, ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர். முதலாம் திகதி கடமை ஏற்கவேண்டும், தவறினால் நியமனம் ரத்து. தகுதிப் போட்டி அதற்கு நான்கு நாள் முன்னால். ஆக, என் வாழ்க்கை ஓர் ஆட்டத்தில் தொங்கியது. வென்றால் கோலாலம்பூர், தோற்றால் ஐந்தாம் வகுப்பு.

வீட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொன்னேன்.

"எத்தன மாசம்?" என்றார் அப்பா.

"மூணு வாரம்பா."

"மூணு வாரத்துல என்னத்தப் படிச்சிக் கிழிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு, சற்று யோசித்து, "லெட்டர பத்திரமா எடுத்துக்கிட்டுப் போ. அங்கிட்டே தொலைச்சிட்டு வந்துறாத," என்றார். கடிதம் பெட்டியின் அடியில், சுவெட்டருக்குக் கீழே கிடந்தது.

கோலாலம்பூரில் விமானத்தைவிட்டு இறங்கியதும் யாரோ ஈரத் துண்டை முகத்தில் போட்டு அமுக்கியதுபோல இருந்தது. அதுதான் அந்த ஊர்க் காற்று என்று சொன்னார்கள். ஆனால் பயிற்சி அறைக்குள் நுழைந்ததும் எங்களுக்குச் சொந்த ஊர் வந்துவிட்டது. ஏ.சி.யை அந்த அளவுக்கு வைத்திருந்தார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்கள் தடித்த ஜெக்கட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டிருக்க, நாங்கள் ஐவரும் அரைக்கை சட்டையோடு உலாவினோம். பலசாலிகள் என்று நினைத்துவிட்டார்கள். அந்த மரியாதை முதல் ஆட்டம் தொடங்கும்வரை நீடித்தது.

புதிய திரைகள் அவ்வளவு துல்லியம். ஹட்டனில் எதிரி என்பவன் ஒரு பழுப்புப் புள்ளி. இங்கே அவன் சட்டைப் பொத்தான் தெரிந்தது. இவ்வளவு தெளிவாக நிற்கிற ஓர் ஆளைச் சுடுவதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அவனுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

பயிற்சியாளர் சீன மலேசியர், முப்பது வயதிருக்கும், சிரிக்காதவர். நாளைக்குப் பத்து மணிநேரம் ஆட்டம். இடையிடையே கழுத்தைத் திருப்புகிற பயிற்சி. மாலையில் அன்றைய ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, நாம் செத்த இடத்தில் நிறுத்தி, "ஏன்?" என்று கேட்பார். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். விளையாட்டை வேலையாகச் செய்வது எப்படி என்று நான் அங்கேதான் பார்த்தேன். எனக்கு எல்லாமே அதிசயம். மலிவுக் கொப்பிக்கு மேல் கண்டிராத நான் ஒரு நல்ல குறிப்புப் புத்தகம் வாங்கிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் எழுதிவைத்தேன்.

முதல் நாள் காலையில் சமையற்கட்டில் சுடுதண்ணீர் வாங்கி, தேயிலை போட்டு, ஐவரும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். பயிற்சியாளர் நெடுநேரம் பார்த்தார். இது என்ன பிரார்த்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டார். கை சூடாக்குகிறோம் என்றேன். அவர் குனிந்து தன் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். என்னைப்போலவே அவரும் எழுதுகிற ஆள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சமையற்கட்டில் ஓர் அக்கா இருந்தார். மூன்றாம் நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "தம்பி எந்த எஸ்டேட்டு?" என்றார்.

"எஸ்டேட்டுன்னு எப்படிக்கா தெரியும்?"

"கேள்வி கேட்டா பதிலுக்குக் கேள்வி கேக்கிறியே, அதுலயே தெரியுது. நானும் லயத்துப் புள்ளதான். பால்மரம் வெட்டுன கை இது. விடியக்காத்தால பெரட்டுக்குப் போய் நிக்காட்டி அன்னிக்கு வேலை இல்ல."

பால்மரம் என்றால் இறப்பர். அன்று மாலை என் குறிப்புப் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: 'இங்கேயும் லயம், பெரட்டு என்கிறார்கள். சுவாரஸ்யம்.' கீழே ஒரு கோடும் போட்டேன். போட்டு மூடிவைத்தேன். படித்தவன் ஒருவன் எவ்வளவு தூரம் முட்டாளாக இருக்கமுடியும் என்பதற்கு எழுத்து மூலமான சாட்சி அந்தக் கோடு.

ஏனென்றால் அடுத்த நாளே பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, இனி இடங்களின் பெயரை ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும் என்றார். உலகம் முழுக்க அதுதான் முறை. நாளைக்கு உங்கள் கட்சியில் வேறு நாட்டுக்காரன் சேர்ந்தால் என்ன செய்வாய் என்றார். நியாயம்தான். நான் விடவில்லை. போட்டி மேடையில் இரண்டு கட்சியும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காருகின்றன. நடுவில் ஒரு மெல்லிய தடுப்புத்தான். ஆங்கிலத்தில் கத்தினால் அவர்களுக்கு எல்லாம் விளங்கும். எங்கள் சொற்கள் இரகசியச் சொற்கள் என்று வாதாடினேன்.

"என் நாட்டிலும் தமிழர்கள் இருக்கிறார்கள்," என்றார் அவர்.

"இந்தத் தமிழ் இல்லை சேர். இது வேறு தமிழ். எங்கள் மலையைத் தாண்டினால் யாருக்கும் விளங்காது," என்றேன். சான்றுக்கு வாத்தியார் மகனைக் காட்டினேன். அவன் தமிழன், அவனுக்கே விளங்க ஒரு மாதமாயிற்று என்று அவனையே சொல்லவைத்தேன். பயிற்சியாளர் தோளைக் குலுக்கினார். உன் கட்சி, உன் வாய் என்பதுபோல.

தகுதிப் போட்டி ஒரு பெரிய கடைத்தொகுதியின் நடுக்கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் சப்பாத்துக் கடை, மறுபக்கம் ஐஸ்கிறீம். எதிர்க்கட்சி தென்பக்க மாநிலத்துக்காரர்கள். பெயர்ப் பட்டியலில் ஐந்தும் புனைபெயர்கள்: பாம்பு, புயல் என்கிற மாதிரி ஆங்கிலத்தில். அவர்களோ ஏற்கனவே தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்தாயிற்று, முகம் தெரியவில்லை. எங்கள் கிளாஸ்களைப் பிடித்துக் கை சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் பதினாறு சுற்று வெல்கிறவர்களுக்கு ஆட்டம்.

முதல் இரண்டு சுற்றும் எங்களுக்கு. பிறகு ஏதோ ஆயிற்று. "லயத்துப் பக்கமா போவோம்!" என்று கத்துவேன். லயத்தில் மூன்று பேர் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். "ஸ்டோருக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்க!" என்பேன். ஸ்டோருக்குப் பின்னால் குண்டு வந்து விழும். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்களில் ஒருவன் செத்தான்.

"நீ சாத்திரக்காரனடா," என்றான் வாத்தியார் மகன். "நீ சொல்லுற இடத்தில எல்லாம் எமன் நிக்கிறான்."

ஆனால் ஒரு விஷயம் என் மண்டையைக் குடைந்தது. மடுவத்துப் பக்கம் போனபோதெல்லாம் நாங்கள் வென்றோம். நாலு தடவை போனோம், நாலும் வெற்றி. அங்கே மட்டும் அவர்கள் வரவே இல்லை. நியமனம் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு விடுகதையாகவே பட்டது. மடுவத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அவர்களுக்குப் பதின்மூன்று, எங்களுக்கு எட்டு என்ற கட்டத்தில் பேக்கரிக்காரன் பங்களாவில் ஒருவனைச் சுட்டுவிட்டு, வழக்கமான உற்சாகத்தில், "தொரை அவுட்! தொரைசானிக்குத் தந்தி அடி மச்சான்!" என்று கத்தினான். தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கமுடியாமல் வெடித்த சிரிப்பு. தோட்டத்துத் தொரை யார், அவர் மனைவி தொரைசானி யார் என்று தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

என் குறிப்புப் புத்தகம் அப்படியே கண்முன் வந்து நின்றது. கோடு உட்பட.

இறப்பர் தோட்டத்தில் லயம் உண்டு, ஸ்டோர் உண்டு, பெரட்டு உண்டு, பங்களாவும் உண்டு. கொழுந்து கிடையாது. ஆகவே மடுவம் கிடையாது.

கண்டுபிடித்த பெருமையில் நான் அடுத்த தவறைச் செய்தேன். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் செய்து அவர்களை ஏமாற்றலாம் என்று, "எல்லாரும் பெரட்டுக்கு!" என்று கத்திவிட்டு லயத்துக்குள் ஓடினேன். இதை என் ஆட்களுக்கும் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பது தோன்றவில்லை. நால்வரும் விசுவாசமாகப் பெரட்டுக்குப் போனார்கள். நால்வரும் செத்தார்கள். லயத்தில் நான் மட்டும் உயிரோடு, பார்க்க ஆளில்லாமல் நின்றேன்.

"நீ சொன்னதைத்தானேடா செய்தனாங்கள்!" வாத்தியார் மகன் ஹெட்செட்டைக் கழற்றியே விட்டான்.

"அவனுங்களுக்கு நம்ம பேச்சு வெளங்குது," என்று அவன் காதுக்குள் சொன்னேன். "எஸ்டேட்டு ஆள் ஒருத்தன் இருக்கான் அங்க."

"அப்ப இங்கிலீசில சொல்லு."

"அது நான் படிக்கல."

பதினான்குக்கு எட்டு. அப்போது பேக்கரிக்காரன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு, அடித்தொண்டையில், "இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட யன்ன!" என்றான்.

முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ. ஹட்டன் – மஸ்கெலியா பஸ்ஸில் கொண்டக்டர் நாள் முழுக்கச் சொல்கிற சிங்களம். எங்களில் எவருக்கும் அதைக் கேட்டால் கால் தானாக நகரும். நகர்ந்தது. அவன் மூச்சுவிடாமல் ஓட்டினான்: "வமட்ட!" இடதுபக்கம். "தகுணட்ட!" வலதுபக்கம். "பொட்டக் இன்ன!" கொஞ்சம் நில். "பஹின்ன, பஹின்ன!" இறங்கு, இறங்கு. இலக்கணச் சிங்களம் கேட்டிருந்தால் நாங்கள் குழம்பியிருப்போம். அரசாங்கக் கந்தோரில் பேசுகிற சிங்களமாக இருந்தால் எதிரியை முதலில் மரியாதையாக மஹத்தயா என்று அழைத்து, உட்காரச் சொல்லியிருப்போம். இது பஸ் சிங்களம். எல்லோருக்கும் எலும்பில் இருந்தது. வாத்தியார் மகன், தன் வாழ்நாளில் சிங்களத்தில் மிச்சக் காசு மட்டுமே கேட்டவன், "ஹரி, ஹரி, யமு!" என்று கத்திக்கொண்டே வரிசையாக மூன்று பேரை வீழ்த்தினான்.

நான் வாய் மூடிக்கொண்டு விளையாடினேன். வேறு என்ன செய்ய? என் பதவி பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது. அதைவிட விசித்திரம், வாய் மூடியபோது என் குறியும் கொஞ்சம் திருந்தியது. பதினான்குக்கு ஒன்பது, பத்து, பன்னிரண்டு. சப்பாத்துக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். பதினான்குக்குப் பதினான்கு ஆயிற்று.

அதற்கு மேல் ஆகவில்லை. இரண்டு சுற்று நேர்மையாகத் தோற்றோம். கடைசிச் சுற்றில் கடைசியாகச் செத்தவன் நான்தான். மடுவத்தில்.

தடுப்புக்கு அப்பாலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கறுத்து, நெடிதாக, கழுத்துவரை மூடிய ஜெக்கட்டோடு. கை கொடுத்தான்.

"அண்ணே, மன்னிச்சிக்குங்க லா. ஸ்டோருக்குப் பின்னாடி இன்னும் யாராச்சும் ஒளிஞ்சிருக்காங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

"எந்த எஸ்டேட்டு?" என்றேன்.

"ஜொகூர் பக்கம். அம்மா பால்மரம் வெட்டுறவங்க. மொத தடவ நீங்க பெரட்டுன்னு கத்துனப்ப ஊர்லேர்ந்து யாரோ வந்துட்டாங்கன்னு பயந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த மடுவம்னா என்னாண்ணே? உசிர வாங்கிட்டீங்க," என்றான்.

கொழுந்து நிறுக்கிற இடம் என்று சொன்னேன். எங்கள் கிளாஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஏன் குடிக்காமல் ஆறவைத்திருக்கிறீர்கள் என்று அதையும் கேட்டான். பத்து நிமிடம் நின்று பேசினோம். வாழ்க்கையைக் கெடுத்தவனோடு அவ்வளவு சந்தோஷமாகப் பேசியது அது ஒரு தடவைதான்.

பயிற்சியாளர் மாலையில் முடிவைச் சொன்னார். பேக்கரிக்காரனை வைத்துக்கொள்வார்கள், அவன் ஆட்டம் நடத்தத் தெரிந்தவன். வாத்தியார் மகனையும் வைத்துக்கொள்வார்கள், சுடத் தெரிந்தவன். மற்ற மூவருக்கும் நன்றி. என்னிடம் மட்டும், "நீ சொன்னது தவறு. ஆனால் நல்ல தவறு," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை மஸ்கெலியா பஸ்ஸில் நின்றேன். கொண்டக்டர், "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்றார். போனேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அதிபர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "வெளிநாட்டுல கம்ப்யூட்டர் கோர்ஸ் செஞ்சீங்களாமே? அப்ப எங்க டைப்ரைட்டர கொஞ்சம் பாருங்க," என்றார்.

மூன்று மாதம் கழித்து, இடைவேளை நேரம், பாடசாலைக்கு ஒரு டெலிபோன் அழைப்பு. வாத்தியார் மகன்.

"டேய், அவசரம். ஸ்டோருக்கும் லயத்துக்கும் நடுவில ஒரு ஏணி இருக்கெல்லே? அதுக்கு நாங்கள் என்ன பேர் வச்சனாங்கள்?"

"பேரே வைக்கலியே. ஏன்?"

"வையடா ஒண்டு. கோச் கேட்கிறார்."

பிறகுதான் விபரம் வந்தது. அந்த ஜொகூர்க்காரனையும் ஒரு சீனப் பையனையும் கட்சியில் சேர்த்துக்கொண்டார்களாம். தோட்டத்துச் சொல்லைக் கேட்டதும் ஜொகூர்க்காரனும் எங்கள் ஆட்கள் இருவரும் ஒரு விநாடி முந்தி நகர்ந்ததைப் பயிற்சியாளர் கடிகாரம் வைத்துப் பார்த்தாராம். அடுத்த போட்டி கொரியாவில். "கொரியாவில் லயம் கிடையாது," என்றாராம். ஆகவே கட்சி முழுக்க இப்போது என் சொற்கள். மடுவம் உட்பட. பேக்கரிக்காரன்தான் படிப்பிக்கிறான்.

"சீனப் பையன் ஒருத்தன் இருக்கான்னியே. அவன் எப்படிச் சொல்றான்?" என்று கேட்டேன். எனக்கு அது உடனே தெரிந்தாகவேண்டும்போல இருந்தது.

"கேள்," என்று டெலிபோனை அறைப்பக்கம் நீட்டினான். துப்பாக்கிச் சத்தம், பேக்கரிக்காரன் கெட்ட வார்த்தை, நடுவே மூக்கடைத்த புதுக் குரல் ஒன்று, ஒவ்வோர் எழுத்தாக எடுத்துவைத்து, பெ-ரத்-து, பெ-ரத்-து என்று கத்திக்கொண்டிருந்தது.

இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டது. அதிபர் வாசலில் நின்று என்னையும் டெலிபோனையும் பார்த்தார்.

"கங்காணி," என்றேன் டெலிபோனில். "ஏணிக்குக் கங்காணின்னு வைங்க. ஏறி நின்னா எல்லாரையும் பார்க்கலாம்." வைத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் போனேன்.